ஹாஃப்-லைஃப் 3 வருமா? எச்எல்எக்ஸ் ஊகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டீம் என்ற இணையவழி கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் ஹாஃப்-லைஃப் கேம் தொடரில் ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூவை 2007 அக்டோபரில் வெளியிட்டது. கதை உச்சக்கட்டத்தில் அறுந்து நின்றது. எபிசோட் த்ரீ வரவே இல்லை. 2020 மார்ச் 23 அன்று வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், காலத்தால் ஹாஃப்-லைஃப் 2க்கு முந்தைய கதை. அதையும் விஆர் ஹெட்செட் இருப்பவர்களே ஆட முடிந்தது. கடந்த சில ஆண்டுகளாக, வால்வின் மற்ற கேம்களுக்கு வரும் அப்டேட்களில் "எச்எல்எக்ஸ்" என்ற ஆங்கில மூன்றெழுத்து தலைகாட்டுகிறது. அதிலிருந்து கிளம்பிய கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறோம். அலிக்ஸை இன்னும் ஆடி முடிக்காதவர்கள் எபிசல் 3 பற்றிய கேள்வியைத் தாண்டிச் செல்லுங்கள். அதில் முடிவு வெளிப்படுகிறது.

நேராகச் சொல்லுங்கள்: வருகிறதா, இல்லையா?

வால்வ் ஒரு புதிய ஹாஃப்-லைஃப் கேமை உருவாக்கிவருகிறது என்று நம்பப் போதுமான தடயங்கள் உள்ளன. 2025 முடியும்வரை வால்வ் அதை அறிவிக்கவில்லை. அதன் பெயர் ஹாஃப்-லைஃப் 3தான் என்பதற்கும், இந்த மாதம் இந்தத் தேதி என்பதற்கும் ஆதாரம் கிடையாது. "வேலை நடக்கிறது" என்பதும் "வெளிவரும்" என்பதும் வேறு வேறு விஷயங்கள். வால்வைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளமே உண்டு. கீழே வருகிற பதில்கள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தைப் பற்றியவைதான்.

டோட்டா 2 அப்டேட்டில் ஹாஃப்-லைஃப் சமாசாரம் எப்படி வந்து சேரும்?

டோட்டா 2, கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, டெட்லாக், அலிக்ஸ் எல்லாமே சோர்ஸ் 2 என்ற ஒரே எஞ்சினில் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) ஓடும் வால்வ் கேம்கள். ஒவ்வொரு கேமுக்கும் தனி எஞ்சின் கிடையாது. ஒரே மூலநிரல் தொகுப்பில் எல்லா அணிகளும் வேலை செய்கின்றன. கேமுக்குரிய நிரல் தனி ஃபோல்டரில் இருக்கும். பௌதீகம், ஒலி, அனிமேஷன், கேமின் களங்களை வரையும் ஹாமர் என்கிற கருவி போன்றவை பொது. எச்எல்எக்ஸ் அணியில் ஒருவர் பொதுப் பகுதியில் ஒரு வசதியைச் சேர்த்து, அதில் தன் கேமின் பெயரை எழுதிவிட்டால், அடுத்த வாரம் டோட்டா அப்டேட் கட்டப்படும்போது அந்தப் பெயரும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. யாரும் திருடவில்லை, யாரும் கசியவிடவில்லை. துடைக்க மறந்த வரி, அவ்வளவுதான்.

இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. அலிக்ஸ் அறிவிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே "எச்எல்விஆர்" என்ற சொல் இப்படித்தான் அகப்பட்டது. இன்று அலிக்ஸை நிறுவியிருப்பவர்கள் அதன் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே "கேம்" என்ற ஃபோல்டருக்குள் பாருங்கள்: கேமின் முழு உள்ளடக்கமும் எச்எல்விஆர் என்ற ஃபோல்டரில்தான் இருக்கிறது. கடைப்பெயர் மாறிவிட்டது, வீட்டுப்பெயர் அப்படியே நின்றுவிட்டது. எச்எல்எக்ஸ் என்பதையும் அப்படியொரு வீட்டுப்பெயராக எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

இதை நானே சரிபார்க்க முடியுமா?

தாராளமாக. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் 10 ஜிபி அளவு காலி இடமும் இருந்தால் போதும்.

அப்டேட் வருவதற்கு முன் டோட்டாவின் பழைய கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கள். ஸ்டீம் நூலகத்தில் கேமின் மேல் வலது சொடுக்கு செய்து உள்ளூர்க் கோப்புகளைத் திறந்தால் "டோட்டா 2 பீட்டா" என்ற ஃபோல்டர் வரும். (பீட்டா என்ற பெயரும் துடைக்கப்படாமல் போனதுதான்.) அதில் "கேம்" ஃபோல்டருக்குள் இரண்டு இடங்கள் முக்கியம்: எஞ்சினின் "பின்" ஃபோல்டர், டோட்டாவின் சொந்த "பின்" ஃபோல்டர். இரண்டிலும் "வின்64" என்ற உள்ஃபோல்டரில் டிஎல்எல் என்ற நிரல் கோப்புகள் இருக்கும். அவற்றில் கிளையன்ட், சர்வர், எஞ்சின்2 ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு, கோப்பிலுள்ள எழுத்து வரிகளை மட்டும் பிரித்தெடுக்க, மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் "ஸ்ட்ரிங்ஸ்" கருவியை, குறைந்தபட்ச நீளம் 6 என்று கொடுத்து, பழைய கோப்பின் மேலும் புதிய கோப்பின் மேலும் ஓட்டுங்கள். கிடைக்கும் இரண்டு பட்டியல்களையும் அகரவரிசைப்படுத்தி, இரட்டிப்பு வரிகளை நீக்கிவிட்டு, வின்மெர்ஜ் போன்ற ஒப்பீட்டுக் கருவியில் போடுங்கள். புதிதாக வந்த வரிகள் தனியே தெரியும்.

இங்கே தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. வரிசைப்படுத்தாமல் ஒப்பிட்டால், நிரல் தொகுக்கப்படும்போது வரிகள் இடம் மாறுவதால் எல்லாமே புதியதுபோலத் தெரியும். குறைந்தபட்ச நீளத்தை 3 ஆக்கினால் இயந்திரக் குப்பை லட்சக்கணக்கில் கொட்டும். அதில் தற்செயலாகவே "எச்", "எல்", "எக்ஸ்" அடுத்தடுத்து வந்து நிற்கும். 6 என்று வைத்தால் தனித்து நிற்கும் மூன்றெழுத்துச் சொல் விடுபடும். ஆனால் உண்மையான பெயர்கள் பெரும்பாலும் அடிக்கோட்டோடு நீளமாக வருபவை, ஆகவே நட்டம் குறைவு. லினக்ஸில் இருக்கும் அதே பெயர்க் கட்டளை இயல்பாக ஒற்றை பைட் எழுத்துகளையே பார்க்கும். 16 பிட் எழுத்து வரிகளைப் பார்க்க அதற்கான தேர்வைத் தனியாகக் கொடுத்து இன்னொரு முறை ஓட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம்.

படங்கள், மாடல்கள், ஒலிகள் விபிகே என்ற பொதிகளில் இருக்கும். சோர்ஸ் 2 வியூவர் என்ற இலவசக் கருவியில் "டிர்" என்று முடியும் பொதியைத் திறக்க வேண்டும். எண்களில் முடியும் பொதிகள் வெறும் சரக்கு. அட்டவணை "டிர்" கோப்பில்தான் இருக்கிறது.

இவ்வளவும் வேண்டாம் என்றால், ஸ்டீமில் நடக்கும் மாற்றங்களைக் கண்காணிக்கும் ஸ்டீம்டிபி தளக் குழுவினர் கிட்ஹப்பில் நடத்தும் கேம்டிராக்கிங் களஞ்சியங்களைப் பாருங்கள். டோட்டா, கவுன்ட்டர்-ஸ்ட்ரைக், டெட்லாக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, ஒவ்வொரு அப்டேட்டிலும் என்ன வரி கூடியது, என்ன வரி குறைந்தது என்று தேதியோடு பதிவாகிறது. யாராவது "நேற்று டோட்டாவில் இது கிடைத்தது" என்றால் அந்தத் தேதிப் பதிவைத் திறந்து பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. அந்தப் பதிவில் இல்லாத வரியைக் காட்டி யாராவது படம் போட்டால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

புதிய வரி ஒன்று கிடைத்துவிட்டது. எவ்வளவு நம்பலாம்?

வரியின் வகையைப் பொறுத்தது. தனியே நிற்கும் ஒரு சொல் மிகப் பலவீனமானது. கேமுக்குள் தட்டச்சு செய்யும் கன்சோல் கட்டளையின் பெயரோடு அதன் விளக்கக் குறிப்பும் சேர்ந்து கிடைத்தால் ஓரளவு பலம், ஏனென்றால் அந்தக் குறிப்பை எழுதியவர் தன் சக ஊழியருக்காக எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும்விடப் பயனுள்ளவை ஸ்கீமா பட்டியல்களும் ஹாமருக்கான எஃப்ஜிடி கோப்புகளும். அவற்றில் ஒரு பொருளின் பெயர் மட்டுமல்லாமல் அதற்கு என்னென்ன பண்புகள் என்பதும் வரிசையாக இருக்கும். "எரியும் தன்மை" என்று ஒரு பண்பு, அதற்குக் கீழே எண் மதிப்பு, அதற்குக் கீழே இயல்புநிலை என்று கிடைத்தால், யாரோ அதை உண்மையிலேயே உருவாக்கிப் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். எச்எல்எக்ஸ் பற்றி டேட்டாமைனர்கள் (இப்படிக் கேம் கோப்புகளைத் தோண்டித் தடயம் தேடுபவர்கள்) சொல்லிவருவதில் கனமான பகுதி பௌதீகமும் பாத்திரங்களின் நடத்தையும் சார்ந்த இந்தவகைப் பதிவுகள்தான்.

ஆயிரக்கணக்கில் வரிகள் ஒரே நாளில் கூடினால் பரபரப்பு வேண்டாம். வெளி நிறுவன நூலகம் ஒன்றின் பதிப்பு மாறியிருக்கும். அதன் வரிகள் மொத்தமாக வந்திருக்கும்.

இன்னொன்று: எச்எல்விஆர் என்று வரும் வரிகள் பழைய அலிக்ஸின் மிச்சம். அதையும் எச்எல்எக்ஸ் கணக்கில் சேர்த்து எண்ணிக்கை ஏற்றுவது பரவலாக நடக்கிறது. சேர்க்கக் கூடாது.

டேட்டாமைனர்கள் முன்பு தவறியிருக்கிறார்களா?

ஆமாம். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை சிட்டடெல்.

2020-21இல் "சிட்டடெல்" என்ற பெயர் சோர்ஸ் 2 கோப்புகளில் தொடர்ந்து தென்பட்டது. ஹாஃப்-லைஃப் 2இல் சிட்டி 17 நகரின் நடுவே வானைத் தொட்டு நிற்கும் கோபுரத்தின் பெயரும் அதுதான். வரிகளில் படை, அணி சார்ந்த சொற்கள் இருந்தன. வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் அறிவிக்கப்பட்ட அதே 2021இல் இரண்டையும் முடிச்சுப் போட்டு, இது ஸ்டீம் டெக்குக்கான ஹாஃப்-லைஃப் கேம், சுடுதலும் படை நடத்துதலும் கலந்தது என்று விரிவான விளக்கங்கள் வந்தன. 2022இல் வால்வ் "நியான் பிரைம்" என்ற வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பித்ததும் அதுவே பெயர் என்றானது. 2024 மே மாதம் படங்கள் வெளியே வந்தன. ஆகஸ்டில் வால்வே கடைப்பக்கத்தைத் திறந்தது. பெயர் டெட்லாக். ஆறுக்கு ஆறு பேர், பாதைகள், பாதையில் வரிசையாக நடக்கும் சிப்பாய்கள், துப்பாக்கி. ஹாஃப்-லைஃப் உலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்றும் டெட்லாக்கை நிறுவி உள்ளே பார்த்தால் அதன் ஃபோல்டர் "சிட்டடெல்" என்றே இருக்கிறது. ஆக, கோப்பிலிருந்து எடுத்த பெயர் சரி. கேம் ஒன்று உருவாகிறது என்பதும் சரி. படை, அணி என்ற சொற்களும் பொய்யில்லை. கோபுரத்தின் பெயரைப் பார்த்ததும் ஹாஃப்-லைஃப் என்று முடிவு செய்ததுதான் தவறு. ஒவ்வொரு தடயத்துக்கும் இரண்டு மதிப்பெண் போடச் சொல்வது இதனால்தான்: இது உண்மையா என்பதற்கு ஒன்று, இதற்கு நாம் கொடுக்கும் பொருள் சரியா என்பதற்கு இன்னொன்று. முதலாவதில் பத்துக்குப் பத்து வாங்கியது இரண்டாவதில் பூஜ்யம் வாங்கலாம்.

அப்படியானால் எச்எல்எக்ஸும் வேறு ஏதோவாக இருக்கலாமே என்றால், சிட்டடெல்லைவிட இது வலுவானது. எச்எல் என்பதை வால்வ் எச்எல்2, எச்எல்விஆர் என்று ஹாஃப்-லைஃபுக்கே வைத்துவந்திருக்கிறது. "எக்ஸ்" எதைக் குறிக்கிறது என்பது மட்டும் யாருடைய கற்பனைக்கும் திறந்து கிடக்கிறது.

"ஒயிட் சாண்ட்ஸ்" என்பது என்ன?

2024இல், குரல் நடிகர் ஒருவரின் தன்விவரப் பட்டியலில் வால்வுக்காகச் செய்த பணியாக "புராஜெக்ட் ஒயிட் சாண்ட்ஸ்" என்ற பெயர் இருந்தது கண்ணில் பட்டது. ஒயிட் சாண்ட்ஸ் என்பது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள வெண்மணல் பாலைவனம். ஏவுகணைச் சோதனைத் தளமும் அங்கே உண்டு. முதல் ஹாஃப்-லைஃபின் பிளாக் மெசா ஆய்வுக்கூடம் இருப்பதும் நியூ மெக்சிகோவில்தான். பொருத்தம் அழகாக இருக்கிறது. ஆனால் சிட்டடெல்லும் அழகாகத்தான் பொருந்தியது. வால்வுக்காக ஒலிப்பதிவு நடந்திருக்கிறது என்பதை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எடுத்தால் அது நம் ஆசை.

அந்த நடிகருக்கு யாரும் செய்தி அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பதில் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது. வாய்ப்பு பறிபோவது அவருக்குத்தான்.

ஜி-மேன் குரல்காரர் ட்வீட் போட்டாரே?

2024 டிசம்பர் 31 அன்று, ஹாஃப்-லைஃபின் மர்ம மனிதரான ஜி-மேனுக்குக் குரல் கொடுக்கும் மைக் ஷாபிரோ, பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, ஜி-மேன் குரலிலேயே புத்தாண்டுப் பதிவு ஒன்றை வெளியிட்டார். எதிர்பாராத ஆச்சரியங்கள் பற்றிய பேச்சு, ஹாஃப்-லைஃப், வால்வ், 2025 என்ற ஹேஷ்டேக்குகள். அதை "2025இல் வெளியீடு" என்று படித்தவர்கள் பலர். 2025 போய்விட்டது. அவர் பதிவு போட்டது உண்மை. அதைத் தேதியாக்கியது நாம்.

ஸ்டீம்டிபியில் ஏதோ அசைந்தால் அது அறிகுறியா?

ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் ஓர் எண் உண்டு. முதல் ஹாஃப்-லைஃப் 70, ஹாஃப்-லைஃப் 2 220, அலிக்ஸ் 546560, டெட்லாக் 1422450. ஸ்டீம்டிபி அந்த எண்களின் கீழ் நடக்கும் மாற்றங்களைக் காட்டுகிறது. வெளியாருக்குத் திறக்காத தனிக் கிளையில் கேமின் புதிய கட்டமைப்பு (பில்ட்) ஏற்றப்பட்டால் கிளையின் பெயரும் நேரமும் தெரியும். உள்ளே என்ன என்று தெரியாது. தினமும் இரவில் தானாக ஏற்றப்படும் கட்டமைப்பும் அதே மாதிரிதான் தெரியும். அதனால் "நேற்று இரவு 4 முறை அப்டேட்" என்பதற்குத் தனியே பொருள் கிடையாது.

பழைய எண்களில் அசைவு தெரிந்தால் முதலில் ஆண்டுவிழாவைக் கணக்குப் போடுங்கள். 2023 நவம்பரில் முதல் கேமின் 25ஆம் ஆண்டு அப்டேட்டும், 2024 நவம்பரில் இரண்டாவது கேமின் 20ஆம் ஆண்டு அப்டேட்டும் அந்த எண்களில்தான் வந்தன. அறிவிக்கப்படாத கேமின் எண்ணோ, பெயர் மறைக்கப்பட்டு, வெற்றுப் பக்கமாகவே இருக்கும். பெயர் தெரியும்படி "ஹாஃப்-லைஃப் 3" பக்கத்தின் படத்தை யாராவது காட்டினால், உலாவியில் எஃப்12 அழுத்தி எழுத்தை மாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 10 வினாடி போதும்.

வணிகச் சின்னப் பதிவுகளை எப்படிப் படிப்பது?

கவனமாகப் படித்தால் இதைவிட நல்ல தடயம் இல்லை, ஏனென்றால் இதில் பணமும் வழக்கறிஞரும் சட்டமும் இருக்கின்றன. அமெரிக்கக் காப்புரிமை, வணிகச் சின்ன அலுவலகத்தில் ஒரு வகைக்கு 350 டாலர். ஐரோப்பிய ஒன்றிய அலுவலகத்தில் முதல் வகைக்கு 850 யூரோ. யார் வேண்டுமானாலும் இந்தக் கட்டணத்தைக் கட்டி விண்ணப்பித்துவிட முடியும் என்பதுதான் சிக்கல். 2013 செப்டம்பர் 29 தேதியிட்டு ஐரோப்பியப் பதிவேட்டில் வால்வ் பெயரில் "ஹாஃப்-லைஃப் 3" தோன்றியது; உலகமே குதித்தது; சில நாளில் அந்தப் பதிவு காணாமல் போனது.

ஆகவே பெயரைப் பார்த்ததும் நிற்காமல் நான்கு இடங்களைப் பாருங்கள். உரிமையாளரின் முகவரி பெல்வியூ, வாஷிங்டனா? விண்ணப்பித்த சட்ட நிறுவனம் வால்வின் முந்தைய சின்னங்களுக்கு விண்ணப்பித்ததா? எந்த வகை: 9 என்றால் பதிவிறக்கும் மென்பொருள், 41 என்றால் இணையவழிப் பொழுதுபோக்கு, 28 என்றால் பொம்மை, விளையாட்டுப் பொருள். 25 மட்டும் இருந்தால் சட்டைதான் வரப்போகிறது. கடைசியாக, முன்னுரிமைத் தேதி. சில நிறுவனங்கள் இணையத்தில் எளிதில் தேட முடியாத பதிவேடு உள்ள சிறிய நாடு ஒன்றில் முதலில் விண்ணப்பித்துவிட்டு, பாரிஸ் ஒப்பந்தம் தரும் 6 மாத அவகாசத்துக்குள் அமெரிக்காவில் அதே தேதியைக் கோரும். அமெரிக்க விண்ணப்பத்தில் வெளிநாட்டு முன்னுரிமை குறிப்பிடப்பட்டிருந்தால், யாரோ திட்டமிட்டு மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். போலிக்காரர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை.

"பயன்படுத்தும் எண்ணம் உண்டு" என்ற அடிப்படையில் விண்ணப்பித்தால், அனுமதி அறிவிப்புக்குப் பிறகு 6 மாதம் 6 மாதமாக நீட்டித்து மொத்தம் 36 மாதம் வரை இழுக்கலாம். பெயர் கிடைத்தாலும் கேம் 3 ஆண்டு தள்ளியிருக்கலாம், வராமலும் போகலாம். நியான் பிரைம் என்ற பெயரில் இன்றுவரை கேம் எதுவும் வெளிவரவில்லை.

2025 கேம் அவார்ட்ஸ் விழாவில் வரும் என்றார்களே?

2025 நவம்பர் 12 அன்று வால்வ் ஸ்டீம் மெஷின் என்ற கேம் கணினி, ஸ்டீம் ஃப்ரேம் என்ற விஆர் ஹெட்செட், புதிய ஸ்டீம் கன்ட்ரோலர் மூன்றையும் அறிவித்தது. கூடவே ஒரு பெரிய கேமும் வரும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. அந்த நேரத்தில் விழாவை நடத்தும் ஜெஃப் கீலி, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் நின்ற ஒரு விநோதமான சிலையின் படத்தைப் போட்டார். ஹாஃப்-லைஃப் ரசிகர்கள் அதையும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். விழாவில் அது லேரியன் நிறுவனத்தின் டிவினிட்டி என்ற கேமுக்கானது என்று தெரிந்தது. விழாவுக்கு முன்பே சிலர் சரியாகச் சொல்லியிருந்தார்கள். சிலையில் இருந்த குறியை ஐரோப்பிய வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடி, லேரியன் விண்ணப்பத்தோடு பொருத்திப் பார்த்தவர்கள் அவர்கள்.

எபிசல் 3தான் புதிய கேமின் கதையா?

முழுதாக அதுவாக இருக்க முடியாது. ஹாஃப்-லைஃப் எழுத்தாளர் மார்க் லெய்ட்லா 2016இல் வால்வை விட்டு விலகினார். 2017 ஆகஸ்டில், பாத்திரங்களின் பெயரையும் பாலினத்தையும் மாற்றி, எபிசோட் த்ரீ எப்படிப் போயிருக்கும் என்பதைக் கடித வடிவில் தன் தளத்தில் வெளியிட்டார். அதுதான் எபிசல் 3. பனிப்பிரதேசத்தில் போரியாலிஸ் கப்பலைத் தேடிப் போகும் கதை. அது தொடங்குவது நாயகி அலிக்ஸின் தந்தை ஈலை வான்ஸ் இறந்த இடத்திலிருந்து.

அலிக்ஸ் கேமின் முடிவு அந்தத் தொடக்கத்தையே மாற்றிவிட்டது. ஜி-மேன் காட்டும் எதிர்காலத்தில் அலிக்ஸ் தன் தந்தையைக் காப்பாற்றுகிறாள். விலையாக ஜி-மேன் அவளைப் பிடித்துக்கொள்கிறான். கடைசிக் காட்சியில் தொடரின் நாயகன் கார்டன் கண்விழிக்கிறார்: ஈலை உயிரோடு நிற்கிறார், அலிக்ஸைக் காணோம். டாக் என்ற ரோபோ கொண்டுவந்த கடப்பாரையை ஈலை வாங்கிக் கார்டனிடம் நீட்டுகிறார். அடுத்த கேம் தொடங்க வேண்டிய புள்ளியை வால்வ் தன் கையாலேயே வரைந்து காட்டிய ஒரே இடம் அது. எத்தனை டிஎல்எல் வரிகள் கிடைத்தாலும் கதையைப் பற்றிப் பேச அந்த ஒரு காட்சிதான் உறுதியான தரை. போரியாலிஸ் வரலாம், ஆனால் ஈலை கையில் கடப்பாரை இருந்த அந்த நொடியிலிருந்துதான் வர வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்தபின் ரத்தாகுமா?

ஆகலாம். வால்வில் ரத்து என்பது சாதாரண நிகழ்வு. 2020இல் ஜெஃப் கீலி வெளியிட்ட அலிக்ஸ் உருவாக்க வரலாற்றில், 2013-14 காலத்தில் ஒரு ஹாஃப்-லைஃப் 3 முயற்சி நடந்து நின்றதும், மொராக்கோவில் நடக்கும் லெஃப்ட் 4 டெட் 3 கைவிடப்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. 2024 நவம்பரில் வால்வே வெளியிட்ட ஹாஃப்-லைஃப் 2 ஆவணப்படத்தில் எபிசோட் த்ரீயின் காட்சிகள் இருந்தன: பனிக்கட்டியாக உறையவைக்கும் துப்பாக்கி, வடிவம் மாறும் குமிழ் போன்ற எதிரி. கதையை முடித்துவைப்பது மட்டும் ஒரு கேம் செய்யப் போதுமான காரணமாகத் தனக்குப் படவில்லை என்ற பொருளில் வால்வின் தலைவர் கேப் நியூவெல் அதில் பேசுகிறார். அறிவித்த பிறகும் நிற்கலாம்: காம்போ சாண்டோ அணி 2017 டிசம்பரில் அறிவித்த இன் த வேலி ஆஃப் காட்ஸ், 2018இல் அந்த அணியை வால்வ் வாங்கிய பிறகு கிடப்பில் போனது.

எச்எல்எக்ஸுக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம். பௌதீகத்தையும் பாத்திர நடத்தையையும் பற்றிய அந்த ஸ்கீமா பதிவுகள் உண்மையில் இந்த கேமுக்கானவை என்றால், "புதிதாக என்ன செய்யப்போகிறோம்" என்ற கேள்விக்கு வால்வுக்குள் பதில் கிடைத்திருக்கிறது. எபிசோட் த்ரீ செத்தது அந்தப் பதில் இல்லாமல்தான்.

விஆர் வேண்டுமா?

வேண்டாம் என்பதே டேட்டாமைனர்களின் பொதுக் கருத்து. வால்வ் சொன்னதில்லை.

இதற்காக இப்போதே கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

வாங்காதீர்கள். அறிவிக்கப்படாத கேமுக்கு வாங்கும் கார்டு, கேம் வரும் நாளில் பழைய கார்டாகியிருக்கும். அளவுகோலாக ஒன்று வேண்டுமானால்: 2020இல் அலிக்ஸ் கேட்டது கோர் ஐ5-7500 அல்லது ரைசன் 5 1600, 12 ஜிபி ராம், 6 ஜிபி நினைவகத்தோடு ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580. வால்வ் அறிவித்த ஸ்டீம் மெஷினில் இருப்பது 6 கோர் ஜென் 4 செயலி, 16 ஜிபி ராம், 8 ஜிபி வீடியோ நினைவகம். தன் பெட்டியில் ஓடாத கேமை வால்வ் வெளியிடாது என்று கருதினால், 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். இது எங்கள் கணிப்பு, அறிவிப்பு அல்ல.

"எச்எல்3 பிளேடெஸ்ட் அழைப்பு" மின்னஞ்சல் வந்திருக்கிறது. திறக்கலாமா?

கூடாது. ஹாஃப்-லைஃப் பெயரில் அதிகம் பறிபோவது இப்படித்தான்: ஸ்டீம் கணக்கும் அதிலுள்ள பொருள்களும். உண்மையான பிளேடெஸ்ட் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனை ஆட்டம்) அனுமதி உங்கள் ஸ்டீம் செயலிக்குள்தான் தோன்றும். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், நீங்களே செயலியைத் திறந்து அங்கே எதுவும் காத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த அழைப்பே இல்லை. ஸ்டீம்பவர்ட், ஸ்டீம்கம்யூனிட்டி என்ற இரண்டு முகவரிகளில் ஓர் எழுத்தை மாற்றியோ கூட்டியோ அமைத்த தளங்கள் எண்ணற்றவை. டிஸ்கார்டில் நண்பர் பெயரில் வரும் கியூஆர் குறியை ஸ்டீம் கைபேசிச் செயலியால் ஒருபோதும் ஸ்கேன் செய்யாதீர்கள். அது திருடனின் கணினியில் உங்கள் கணக்கைத் திறந்துவிடும்.

ஏற்கெனவே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வரிசை முக்கியம். முதலில் ஸ்டீம் கார்டு என்ற கணக்குப் பாதுகாப்புப் பக்கத்தில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து, வெளி நிரல்கள் உங்கள் கணக்கை அணுக உதவும் ஏபிஐ சாவிக்கான பக்கத்தைத் திறந்து, நீங்கள் உருவாக்காத சாவி இருந்தால் ரத்து செய்யுங்கள். பலர் கடவுச்சொல்லை மாற்றியதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தச் சாவி உயிரோடு இருந்தால் நீங்கள் பின்னால் செய்யும் பரிமாற்றங்களில் திருடன் குறுக்கே புகுவான்.

யாரோ திருடிய கட்டமைப்பு கிடைத்தால் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள், பரப்பாதீர்கள். 2003இல் ஹாஃப்-லைஃப் 2இன் மூலநிரலே திருடப்பட்டு வெளியானது. அந்த அணி எவ்வளவு நொறுங்கியது என்பது பதிவான வரலாறு. வெளியிட்ட அப்டேட்டில் கிடக்கும் வரியைப் படிப்பதும், ஒருவரின் கணினியை உடைத்து எடுத்ததைப் படிப்பதும் ஒன்றல்ல. மேலே சொன்ன வழிகள் அத்தனையும் முதல் வகை.

ஹாஃப்-லைஃப் 2 ஆர்டிஎக்ஸ் என்று ஒன்று வந்ததே, அது இதுவா?

இல்லை. அது ஆர்பிஃபோல்ட் ஸ்டூடியோஸ் என்ற மாற்றுப்படைப்பாளர் குழு என்விடியாவின் கருவியில் செய்துவரும் மெருகேற்றம். அதன் முன்னோட்டம் 2025 மார்ச்சில் வந்தது.

அறிவிப்பு வந்தால் நம் ஊரில் எத்தனை மணிக்கு இருக்கும்?

வால்வ் பெரும்பாலும் பசிபிக் நேரம் காலை 10 மணியைப் பிடிக்கும். அலிக்ஸின் முதல் காணொளியும் 2019 நவம்பர் 21 அன்று அந்த நேரத்தில்தான் வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது குளிர்காலத்தில் இரவு 11.30, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இரவு 10.30. சிங்கப்பூர், மலேசியாவில் முறையே மறுநாள் அதிகாலை 2, 1. அலிக்ஸுக்கு மூன்று நாள் முன்பு ஒரு ட்வீட் வந்தது, பிறகு காணொளி, நான்கு மாதத்தில் கேம். அந்த வேகம் மீண்டும் நடந்தால், பல ஆண்டு காத்திருப்புக்குப் பின் கடைசிக் கட்டம் மிகச் சின்னதாக இருக்கும்.

அதுவரை எதை ஆடலாம்?

பிளாக் மெசா. முதல் ஹாஃப்-லைஃபை ரசிகர்களே பல ஆண்டு உழைத்து மறுபடி கட்டியது. வால்வின் அனுமதியோடு 2020 மார்ச்சில் முழுமை பெற்றது. கடைசிப் பகுதியான ஸென் என்ற வேற்றுலகத்தை அவர்கள் புதிதாகவே படைத்திருக்கிறார்கள். அதன்பின் ஹாஃப்-லைஃப் 2ஐ மறுபடி நிறுவுங்கள்: 20ஆம் ஆண்டு அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு எபிசோடுகளும் அதற்குள்ளேயே வந்துவிட்டன, உருவாக்கியவர்களின் விளக்க உரையும் சேர்ந்திருக்கிறது. பிறகு, மாற்றுப்படைப்பாக இலவசமாகக் கிடைக்கும் என்ட்ரபி: ஜீரோ 2. ஹாஃப்-லைஃப் 2இன் எதிரிகளான கம்பைன் தரப்பிலிருந்து ஆடும் கதை, நடப்பது பனிப்பிரதேசத்தில். எபிசோட் த்ரீயின் குளிர் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அங்கே போய் நில்லுங்கள்.